கேட்டுக் கெட்ட புத்தகம்

"…எந்த வடிவத்துலயும் கூடாதுன்னா, மனப்பாடம் பண்ணி மண்டையில வச்சுக்கிறதும் கூடாதாமா தம்பி? அதையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதிடு" என்றார் ருக்குமணி அக்கா. சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் கேலி செய்தால் நாம் கொஞ்சம் பயந்துகொள்வது நல்லது. மலாக்கா, காஜா பெராங்கில் அவர் வீட்டுச் சமையலறை மேசைக்கு எதிரே, மதராஸ் பதிப்பாளரிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டிவிட்டு நான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தேன்.

அறுபது வருஷத்துக்கு மேல் தூங்கிக் கிடந்த இந்தக் குரல் போன வாரம் எழுந்து உட்கார்ந்துவிட்டது. என் கண்ணில் புரை முற்றிவிட்டதென்று, செங் பக்கத்திலிருந்து வரும் மருமகள் பேசும் புத்தகம் ஒன்றைக் கைப்பேசியில் போட்டுத் தந்தாள். "மாமா, இப்பல்லாம் கண்ணு தெரியாதவங்களுக்காக ஒரு நாட்டுல செஞ்ச புத்தகத்த இன்னொரு நாட்டுக்கு அனுப்பலாம். பதிப்பாளரக் கேக்கத் தேவையில்ல. நாடுங்கள்லாம் சேர்ந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கு, நாமளும் போட்டாச்சு" என்றாள். சந்தோஷப்பட வேண்டிய சேதிதான். எனக்கோ காதுமடல் சுட்டது. இப்போதா? பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு மாலையோடு வந்து நிற்கிற மாதிரி, இப்போதா?

அக்கா யாரென்று சொல்லிவிடுகிறேன். அவருக்குப் படித்துக் காட்டுவதும் கடிதம் எழுதிக் கொடுப்பதும் அப்போது என் வேலை. ஜப்பான்காரன் காலத்துக் காய்ச்சலில் பார்வை போனவர். பிறகு இலங்கையில் மாமன் வீட்டில் தங்கி, அங்கே ஒரு பார்வையற்றோர் பள்ளியில், விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துக் கற்றுத் திரும்பினார். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், வந்த வருஷம், தமிழாசிரியர் பரீட்சை எழுத அவருக்கு அனுமதி கிடைத்தது. அவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வயது வரம்புப்படி அதுதான் அவருக்குக் கடைசி வருஷம். சாமி வரம் கொடுத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். பூசாரி பாக்கி இருந்தார்.

பாடமாக வைத்திருந்த இலக்கண நூல் புள்ளி எழுத்தில் இல்லாமல் இல்லை. அக்கா படித்த அதே இலங்கைப் பள்ளியின் அலமாரியில் இருந்தது. கேட்டு எழுதினோம். அவர்களும் நல்ல மனசோடுதான் பதில் போட்டார்கள்: அனுப்ப ஆசைதான், ஆனால் பதிப்பாளர் தந்த அனுமதி இலங்கைக்குள் மட்டும், கடல் தாண்டி அனுப்பினால் குற்றம்.

"நாட்டயே விட்டுட்டுப் போறான் வெள்ளக்காரன். ஒரு புத்தகத்த விட மாட்டேங்கிறாங்களே!" என்றார் அக்கா.

என்னிடம் அச்சுப் பிரதி இருந்தது. நான் படிக்கிறேன், நீங்கள் புள்ளியாகக் குத்திக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா ஒப்பவில்லை. "கேக்காம எடுத்தா களவு தம்பி. முறையா எழுதிக் கேளு." அவர் அப்படித்தான். வேலி தாண்டி இந்தப் பக்கம் தொங்கும் முருங்கைக்காயைக்கூடப் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டி அம்மாளைக் கூப்பிட்டு, அவளுக்குத் தமிழ் வராததால் மலாயில் கேட்டுவிட்டுத்தான் பறிப்பார். அந்த அம்மாளும் ஒவ்வொரு தடவையும் அடுப்பை விட்டு ஓடி வந்து, "அம்பெக்லா, ருக்மணி, அம்பெக்லா!" என்று, எடுத்துத் தொலையேன் என்கிற குரலில் அலுத்துக்கொள்வாள்.

நானும் எழுதினேன். ஆறாம் வகுப்போடு நின்று, பண்டார் ஹிலிரில் ஒரு மளிகைக் கடையில் எழுத்துவேலை பார்த்தவன். கடிதம் எழுதுவதில் மட்டும் புலி என்று நினைப்பு. 'மேன்மை தங்கிய' என்று நாலு இடத்தில் போட்டேன். இலங்கைப் பிரதியை வரவழைக்க அனுமதி கேட்டதோடு விட்டேனா? அது முடியாவிட்டால் கையால் ஒரே ஒரு பிரதி குத்திக்கொள்ளவாவது அனுமதி தரும்படி கெஞ்சி வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு செய்திருக்கக்கூடிய காரியத்தையும் நானே கொண்டுபோய் அவர்கள் வாயில் கொடுத்தேன். கேளாத கடன் கெடும் என்பார்கள். எங்கள் புத்தகம் கேட்டதால் கெட்டது.

கப்பல் தபால் போய்த் திரும்ப இரண்டு மாதம். பதிலோ மூன்று வரி. எவ்வடிவிலும் படியெடுத்தல் பதிப்புரிமைக்கு மாறானது. வேண்டிய பிரதிகளை விலைக்குப் பெற்றுக்கொள்ளவும். விலைப்பட்டியல் இணைத்துள்ளோம்.

விலைப்பட்டியல்! கண் தெரியாத பெண்ணுக்கு, அச்சுப் புத்தகத்தின் விலைப்பட்டியல்! அக்கா ஒரு பிரதி குத்திக்கொண்டால் இவர்களுக்கு எந்த விற்பனை குறைந்துவிடும்? வைக்கோற்போர் நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாய்க்காவது படுக்கச் சூடு கிடைக்கும். இவர்களுக்கு என்ன கிடைத்தது? எழுபது வருஷமாகப் போகிறது, இன்றும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன். பாதிப் பல்லும் போய்விட்டது, அது வேறு விஷயம்.

அக்கா தேறவில்லை. கேள்விகளில் பெரும்பகுதி, புத்தகத்தில் நாங்கள் எட்டாத பின்பாதியிலிருந்து வந்தது. காத்திருந்து வீணாக்கிய அந்த இரண்டு மாதம் கையில் இருந்திருந்தால் தேறியிருப்பார். எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன். கண் தெரியாதவர் கூடை பின்னினால் போதாதா என்றது ஊர். பின்னினார், சாகும்வரை. மூன்று தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாத்தியாரம்மா அவர்.

இன்று அந்த வீடு இல்லை, கார் கழுவுகிறார்கள். முருங்கையும் செட்டி அம்மாளும் எப்போதோ போனார்கள். அந்தப் பதிப்பகமும் மூடிவிட்டதாம். அந்த இலக்கண நூலை இப்போது அச்சிடவும் ஆளில்லை, தேடவும் ஆளில்லை. பூட்டிப் பூட்டிக் காத்தார்களே, யாருக்காக?

அன்று மாலை, மண்டையில் வைத்துக்கொள்வதைப் பற்றிக் கேட்டுவிட்டு, அக்கா கையை நீட்டினார். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பார்த்தார். புள்ளி குத்தக் கனத்த தாள் வேண்டும், மெல்லிசு கிழிந்துபோகும்; வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப் போட்டுத் தடவிப் படிக்க வேண்டும். பதிப்பாளர் நல்ல கெட்டித் தாளில்தான் மறுத்திருந்தார். அக்கா அதைப் புள்ளிச் சட்டத்தில் வைத்து அழுத்தி மூடினார். குத்தூசியை எடுத்தார்.

"முதல் பாடம். நிறுத்திப் படி தம்பி" என்றார். நான் முதல் வரியை முடிப்பதற்குள், வலது ஓரத்திலிருந்து குத்தத் தொடங்கிவிட்டார்.