காதுவலிச் சனிக்கிழமைகள்

போன வாரம் ஒரு பிற்பகலில் என் மகளின் கைப்பேசி அணைந்து கிடந்தது. கல்லூரி முடிந்து வெகுநேரம் ஆகியும் அவள் வீட்டுக்கு வரவில்லை. பேருந்து நிறுத்தம், நூலகம், தோழி வீடு என்று பாளையங்கோட்டை முழுக்க ஆட்டோவில் அலைந்தேன். அந்த நேரத்தில் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத இப்போதும் கை வரவில்லை. கடைசியில் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு டீக்கடையின் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவளைப் பார்த்தேன். முன்னால் ஒரு டீ. எதிர் நாற்காலியில் அவளுடைய பை. உள்ளே போனதும், "யாரு கூட வந்த?" என்றுதான் கேட்டேன்.

"யாரும் இல்லம்மா. போன்ல சார்ஜ் இல்ல. சும்மா உக்காந்திருந்தேன்."

ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் கோபப்பட்டிருப்பேன். யாரும் இல்லை என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த நாற்காலியில் என் மகள் இல்லை, என் உம்மா உட்கார்ந்திருக்கிறாள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, உம்மாவும் நானும் சனிக்கிழமை தோறும் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். இதில் என்ன அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றும். எண்பதுகளில், மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில், ஒரு பெண் வெளியே உட்கார்ந்து டீ குடித்தாள் என்றால், அவள் வீட்டு ஆட்கள் யாராவது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று அர்த்தம்.

வாப்பா சவூதியில் இருந்தார். நாங்கள் வாப்பாவின் அண்ணன் வீட்டில் இருந்தோம். அவரைப் பெரியவாப்பா என்றும் அவர் மனைவியைப் பெரியும்மா என்றும் கூப்பிடுவேன். அவர்களுடைய பிள்ளைகள், விருந்தாளிகள், பீடி சுற்ற முறத்தோடு வந்து உட்காரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்று வீடு எப்போதும் நிறைந்திருக்கும். உம்மா சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அவளைச் சுற்றி நாலு பேர் இருந்தார்கள். அவள் தனியாக இருக்கிறாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் வீடே சிரித்திருக்கும்.

என் காதில் சீழ் வைத்ததுதான் தொடக்கம். பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு டாக்டர், வாரம் ஒருமுறை காதைச் சுத்தம் செய்ய வரச் சொன்னார். முதல் தடவை நான் போட்ட கூச்சலில் மிரண்டுபோன உம்மா, அழுகையை நிறுத்துவதற்காக ஒரு ஹோட்டலுக்குள் அழைத்துப் போனாள். அப்போதெல்லாம் ஓரளவு பெரிய கடைகளில் பின்பக்கம் தடுத்து, 'குடும்ப அறை' என்று பலகை மாட்டியிருப்பார்கள். முழங்கால் உயரத்தில் தொடங்கி நெஞ்சு உயரத்தில் முடிந்துவிடும் இரட்டைக் கதவு, தள்ளினால் இரண்டு பக்கமும் ஆடும். தனியாக வரும் பெண்ணை அங்கே உட்கார விடமாட்டார்கள். பிள்ளையோடு வந்தால் குடும்பம். அந்தக் கணக்கில் உம்மாவின் குடும்பம் நான்தான்.

காது ஆறிவிட்டது. இனி வரவேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது உம்மா பஞ்சைக் கொஞ்சம் பிய்த்து உருட்டி என் காதில் வைத்தாள்.

"வீட்டுல யாரும் கேட்டா, இன்னும் வலிக்குன்னு சொல்லணும். என்னளா?"

"வலிக்கலையே."

"அடுத்த சனிக்கிழமை உனக்கு கேக் வேணுமா, வேண்டாமா?"

வலித்தது. மழைக்காலம் முழுக்க வலித்தது. பெரியும்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "இது என்ன காதா, கெணறா? தோண்டத் தோண்ட வந்துகிட்டே இருக்கு. அந்த டாக்டரு படிச்சவன்தானா?" என்று வெள்ளிக்கிழமை இரவே ஆரம்பித்துவிடுவாள். நான் தலையைச் சாய்த்து, காதைப் பொத்திக்கொண்டு, முகத்தைச் சுளிப்பேன். அதில் நல்ல தேர்ச்சி வந்திருந்தது.

நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து கிளம்பினால் மாலை அஸர் தொழுகைக்குள் வீட்டில் இருக்க வேண்டும். இடையில் கிடைக்கும் அந்த நேரத்தில் நாங்கள் போன கடைகள் எனக்குப் பலகாரங்களாகவே நினைவிருக்கின்றன. ஜங்ஷனில் ஒரு மாடிக் கடை, அங்கே ரயில் கிளம்பும்போது மேசைமேல் டம்ளர் அதிரும், உளுந்தவடை. டவுனில் தேர் நிற்கும் இடத்தைத் தாண்டி ஒன்று. அதன் குடும்ப அறையில் ரசம்போன கண்ணாடி ஒன்று தொங்கும், உம்மா அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அங்கே வாழைக்காய் பஜ்ஜி. முருகன்குறிச்சியில் பளிங்கு மேசை, மஞ்சள் கேக். எல்லாவற்றிலும் எங்களுக்குப் பிடித்தது கொக்கிரகுளத்துக் கடைதான். அதன் பின்பக்க ஜன்னலில் ஆறு தெரியும். அக்கரையில் வெளுத்த துணிகள் மணலில் காயும். எருமைகள் தண்ணீருக்கு மேலே மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு கிடக்கும். அங்கே சுசியம்.

குடும்ப அறைக்குள் வந்ததும் உம்மா தலைமேல் போர்த்திய வெள்ளைத் துப்பட்டியைத் தோளுக்கு இறக்குவாள். டீயை ஆற்றமாட்டாள், அப்படியே வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். பேசமாட்டாள். நான் ஏதாவது கேட்டால், "செத்த நேரம் சும்மா இரு. பைய தின்னு" என்பாள். வீட்டில் என்னோடு வாய் ஓயாமல் பேசுகிறவள் இவ்வளவு தூரம் வந்து பேசாமல் இருப்பது எனக்கு ஏமாற்றமாக இருக்கும். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நான் அவளைத் தேடிக்கொண்டிருப்பேன். வாப்பாவை நினைக்கிறாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு சுசியத்துக்குள் இருக்கும் பூரணத்தை மட்டும் நோண்டித் தின்பேன்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கொக்கிரகுளத்துக் கடையில் டீ வந்து, உம்மா ஜன்னல் பக்கம் திரும்பியும்விட்டாள். அப்போது முன்பக்கத்தில் ஒரு செருமல் கேட்டது. தொண்டைக்குள் நாற்காலியை இழுப்பது மாதிரியான அந்தச் செருமல் எங்கள் வீட்டில் தினமும் விடியலில் சுபுஹுத் தொழுகை நேரத்தில் கேட்பது. உம்மாவின் கை சட்டென்று துப்பட்டியைத் தலைக்கு இழுத்தது.

பெரியவாப்பாவுக்கு நூல் வியாபாரம். கலெக்டர் ஆபீசுக்கு ஏதோ வேலையாக வந்திருக்கிறார், கூட இரண்டு வியாபாரிகள். கடையிலிருந்து வெளியே போக அவர்கள் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஹைகிரவுண்டு டாக்டரிடம் இருக்க வேண்டிய நாங்கள் இங்கே சுசியத்தோடு இருக்கிறோம். இன்றைக்கு மாட்டினால் இனி ஒரு சனிக்கிழமையும் கிடையாது என்பது எனக்கே புரிந்தது.

சப்ளையர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "வேற என்னம்மா வேணும்?"

உம்மா வாயைத் திறக்கவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து வரும் அவள் குரல் பெரியவாப்பாவுக்கு நன்றாகத் தெரியும். என்னைக் காட்டி, இன்னொன்று என்று விரலால் சொன்னாள். எதையாவது வாங்கிக்கொண்டே இருந்தால்தான் உட்கார்ந்துகொண்டே இருக்கலாம். சுசியம் வந்தது. பிறகு வடை வந்தது. பிறகு பால். வாழ்க்கையில் அப்படி ஒரு விருந்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பெரியவாப்பா தினமும் வரமாட்டாரா என்றிருந்தது.

முன்பக்கத்தில் பேச்சும் சிரிப்பும் பலமாக இருந்தன.

"என்ன பாய், வீட்டுல டீ தரமாட்டாங்களா? ஊரத் தாண்டி வந்து குடிக்கீரு?" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

"டீ தருவாங்க வே. நிம்மதி தருவாங்களா?" என்றார் பெரியவாப்பா. "ஒரு நா வந்து எங்க வீட்டுல ஒரு மணி நேரம் இருந்து பாரும், தெரியும். அங்கன ஒருத்தன் தன் மனசுல என்ன இருக்குன்னு தானே கேக்க முடியாது."

மூன்று பேரும் சிரித்தார்கள். உம்மாவும் சிரித்தாள். சத்தமில்லாமல், துப்பட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் தோள் கொஞ்ச நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது.

கை கழுவும் தொட்டி குடும்ப அறைக் கதவை ஒட்டி இருந்தது. பெரியவாப்பா அங்கே வந்தார். கதவுக்குக் கீழே அவருடைய செருப்பு தெரிந்தது. தண்ணீர் விழுந்தது, நின்றது. செருப்பு மட்டும் நகரவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். காலில் பெருநாளைக்கு அவரே வாங்கித் தந்த, பூ வைத்த சிவப்புச் செருப்பு. உம்மாவின் கை என் முழங்காலை அழுத்திப் பிடித்தது.

செருப்பு திரும்பிப் போனது.

"எந்திரிங்க வே, நேரமாச்சு."

"இப்பத்தான பாய் ரெண்டாவது டீ வந்திருக்கு. குடிச்சிட்டுப் போவோம்."

"கெடக்கட்டும். வாரும்ங்கேன்ல?"

அவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் தப்பித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

வீட்டில் பெரியவாப்பா எங்களுக்கு முன்பே வந்து சாய்வு நாற்காலியில் இருந்தார். தம்பி மனைவியோடு அவர் நேரில் பேசுவதில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதைப் பிள்ளைகளிடம், அவள் காதில் விழும்படி சொல்லுவார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, காதைப் பிடித்துத் திருப்பி, பஞ்சை எடுத்துப் பார்த்தார்.

"ஆறிட்டுல்லா. இனி பஞ்சு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

உம்மா அந்த வாரம் முழுக்க எதற்கோ காத்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத்தான் போவாள். திட்டு வரவில்லை, விசாரணை வரவில்லை. பெரியும்மாவிடம்கூட அவர் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை ளுஹர் முடிந்தது. உம்மா ஆணியில் தொங்கிய துப்பட்டியைக் கையில் எடுத்துவிட்டு, போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அப்போதுதான் நூல் கடையில் வேலை பார்க்கும் அண்ணாச்சி சைக்கிளில் வந்து இறங்கினார். ஒரு கையில் பெரிய பிளாஸ்க், மறு கையில் எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலம். பெரியவாப்பா முற்றத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பெருநாளன்றுதான் பார்த்திருக்கிறேன்.

"உம்மாட்ட சொல்லுளா. இனிமே வெயிலுல அலைய வேண்டாம். சனிக்கிழமை தோறும் வீட்டுக்கே வந்துரும். கொக்கிரகுளத்துக் கடை டீதான், அதே சுசியம்தான்னு சொல்லு."

நான் ஓடிப்போய்ச் சொன்னேன். முற்றத்துக் குரல் முழுக்க உம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டாள். துப்பட்டியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

பெரியும்மாவுக்கு ஒரே பெருமை. "கொழுந்தன் பொண்டாட்டிக்குன்னு கடை டீ வருது. இந்தத் தெருவுல எவ வீட்டுல நடக்கும்?" என்று பீடி சுற்றும் பெண்களைக் கேட்டாள். அவர்களும் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு வந்தார்கள். உம்மா எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். சுசியத்தைப் பிட்டுப் பங்கு வைத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடைசியில் தனக்கு ஒரு டம்ளர் ஊற்றி, அடுப்படித் திண்டில் வைத்துவிட்டு நின்றாள்.

டீயின் மேல் ஆடை படிந்தது.

"குடிக்கலையா உம்மா? அதே டீதான்" என்றேன்.

"ஆறட்டும்" என்றாள். அது எப்போதோ ஆறியிருந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமையும் அவள் குடிக்கவில்லை. உம்மாவின் மனத்தில் இருப்பதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டில் என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்கு எண்ணம். அவள் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்கின் கார்க் வாடை லேசாக இருந்தது. இவ்வளவுதானா விஷயம் என்று நேராகப் பெரியவாப்பாவிடம் போய், பிளாஸ்க் நாறுகிறது, அதனால்தான் உம்மா குடிக்கமாட்டேன் என்கிறாள் என்று சொன்னேன்.

அவர் நல்ல மனிதர். அடுத்த வாரம் டீ புது பிளாஸ்கில் வந்தது.