முதலை ஏறிய பஸ்

பஸ் நிலையத்தில் வண்டிகளின் வரவையும் புறப்பாட்டையும் மைக்கில் அறிவித்துக்கொண்டிருந்தவள் அவள். கணீரென்ற குரல். அந்த வேலையைப் பதிவு செய்த குரல் ஒன்று பிடுங்கிக்கொண்டபோது, மழலையர் பள்ளி நடத்திவந்த அவளுடைய பெரிய நாத்தனார், "வீட்ல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போற? பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடு, வா" என்று கூட்டிப்போனாள். முதல் வாரத்திலேயே பிள்ளைகள் அவளுக்கு மைக் டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பள்ளி என்றால் சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழேயிருந்து ரப்பர் வாசனையும் மணிச் சத்தமும் ஏறி வரும். சுவரில் எழுத்து அட்டை. அதைப் பிள்ளைகள் 'அ'விலிருந்து ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். நடுவில் ஒன்றைத் தொட்டு இது என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். மைக் டீச்சருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். பழைய வேலையே தேவலை என்றுகூடத் தோன்றியது. அங்கே பயணிகளாவது காது கொடுத்துக் கேட்டார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது. ஜன்னலோரம்தான் அதன் இடம். அங்கே யார் உட்கார்ந்தாலும் பேச்சு மூச்சில்லாமல் வந்து கடித்துவிடும். கடிப்பதால் அதற்குக் கடிகாரம் என்று ஆயா பெயர் சூட்டியிருந்தாள். ரொட்டிக் கடைக்காரர் மகளின் கையில் பல் பதிந்த அன்று அவர் மாடியேறி வந்து சத்தம் போட்டார். இன்னொரு தடவை நடந்தால் அந்தப் பிள்ளையை அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று நாத்தனார் வருத்தத்தோடு சொல்லிவிட்டாள்.

மறுநாளே ஜன்னலோரத்துக்குச் சண்டை வந்தது. யாரோ உட்கார்ந்தார்கள், கடிகாரம் பாய்ந்தது, மைக் டீச்சர் குறுக்கே விழுந்து தடுத்தாள். ஒரே கூச்சல். என்ன செய்வதென்று புரியாமல் கைக்கு அகப்பட்ட டஸ்டரை வாயருகே பிடித்தாள். பழக்க தோஷம்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. காட்டுக்குப் போகும் பஸ் புறப்படத் தயாராக உள்ளது. இதில் ஒரு முதலை ஏறியிருக்கிறது."

அறை கப்சிப். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நிறுத்தினால் போச்சு என்று மேலே மேலே அவிழ்த்து விட்டாள். முதலை ஜன்னலோரம் உட்கார்ந்தது, தண்ணீர் குடிக்க இறங்கியது, திரும்பி வந்தால் அதன் இடத்தில் ஒரு முயல்.

"முதலைக்குப் பல்லு நறநறங்குது. இப்ப என்ன பண்ணும்?"

கடிக்கும் என்று மொத்த வகுப்பும் கத்தியது. ஒரே ஒரு குரல் மட்டும் மாறி வந்தது. "கடிக்காது. அதுக்கு அழுகை வருது" என்றது கடிகாரம்.

மைக் டீச்சர் குனிந்தாள். டஸ்டரை அந்தக் குழந்தையின் வாயருகே நீட்டினாள். "அப்போ முதலை முயல்கிட்ட என்ன சொல்லணும்?"

டஸ்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அது என் இடம்" என்றது குழந்தை.

அதை அப்படியே பலகையில் எழுதினாள். குழந்தை எழுந்து வந்து எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தது. "இது நான் சொன்னதா?" என்று கேட்டது. ஆமாம் என்றதும் அதன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் மகள் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த 'அ'வைத் தொட்டு, அதே எழுத்து பலகையிலும் இருக்கிறதென்று கண்டுபிடித்தாள். அப்புறம் ஆளாளுக்கு அட்டைக்கும் பலகைக்கும் ஓட்டமோ ஓட்டம்.

அன்று சாயங்காலம் மைக் டீச்சர் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தாள். தையல்காரரான கணவர் மிஷினை நிறுத்திவிட்டு நடந்ததையெல்லாம் கேட்டார். "காட்டுக்கு எதுக்குடி பஸ் போகுது?" என்பதுதான் அவருடைய ஒரே சந்தேகம்.

அதன்பின் தினமும் பஸ் புறப்பட்டது. கதையின் பாதியை அவள் சொல்வாள், மீதியைப் பிள்ளைகள் சொல்வார்கள், சொன்னது பலகைக்கு ஏறும். முயலுக்கு இருட்டென்றால் பயம். யானைக்குத் தன்னை யாரும் விளையாட்டில் சேர்க்கவில்லை என்று வருத்தம். எப்போதும் வாய் திறக்காத ஒரு பிள்ளை, யானைக்கு வயிற்றுக்குள் கல் கிடப்பது போல இருக்கும் என்றது. 'கல்' என்று எழுதிக் காட்டியதும் எல்லாரும் எழுதினார்கள். கடிகாரம் என்று கூப்பிடுவதை ஆயாவும் விட்டுவிட்டாள். இப்போது அந்தக் குழந்தை எல்லாருக்கும் முதலை. அதற்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது.

ஆனால் நிஜச் சோதனை பிறகுதான் வந்தது. ஒரு காலை ரொட்டிக் கடைக்காரர் மகள் மறதியாக ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் முதலை வந்து நின்றது. வாய் திறந்தது. ஆயாவும் நாத்தனாரும் ஒரே நேரத்தில் பாய, மைக் டீச்சர் கை நீட்டித் தடுத்தாள்.

குழந்தை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கண்ணில் நீர் முட்டியது. சட்டென்று திரும்பிப் பலகைக்குப் போய்ச் சாக்பீஸை எடுத்துக் கோணல்மாணலாக எழுதியது: 'எ இடம்'.

ரொட்டிக் கடைக்காரர் மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நெற்றியைச் சுருக்கினாள். "எ இடமா? 'ன்' எங்க?"

முதலை அசடு வழியப் பார்த்தது. ரொட்டிக் கடைக்காரர் மகளே எழுந்துபோய் நடுவில் நெருக்கி ஒரு 'ன்' போட்டாள். பிறகு இரண்டு பேரும் அந்த ஜன்னலோரப் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நாத்தனார் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, "அண்ணி, அந்தப் பக்கத்து ரூம் பிள்ளைங்களையும் நீங்களே ஏத்திக்கோங்க" என்றாள். அண்ணன் மனைவிதான் என்றாலும், வயதில் சின்னவளை அவள் அண்ணி என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. மைக் டீச்சர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. பக்கத்து அறைக் கதவைத் திறந்துகொண்டு பிள்ளைகள் திபுதிபுவென்று வந்துகொண்டிருந்தார்கள். பாய் விரிக்க இடம் போதவில்லை. ஜன்னலோரத்திலிருந்து முதலை, எல்லாரையும் தள்ளி உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தது.