பானை கட்டிய கார்

எனக்கு ஒன்பது வயதானபோது என் காதுகளுக்கு ஒரு வேலை கிடைத்தது. எங்கள் வீட்டுக் காரின் பின்சீட்டில் நட்டநடுவாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாட்டு எந்தப் பக்கம் தூக்கலாகக் கேட்கிறது, எந்தப் பக்கம் மங்கலாகக் கேட்கிறது என்று சித்தப்பாவிடம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கும் நான் அவ்வளவு கவனம் கொடுத்ததில்லை.

எண்பதுகளின் கடைசி அது. அருப்புக்கோட்டையில் பெரியப்பா நடத்திய பலசரக்குக் கடைக்கென்று வாங்கிய பழைய வெள்ளைக் காரை, சித்தப்பா வாடகைக்கு ஓட்டிவந்தார். கார் பிறந்த அன்று அதனோடு பிறந்த ரேடியோ ஒன்று அதில் இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்தில் ஒற்றை ஸ்பீக்கர். கார் நிற்கும்போது அது பாடும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் உதடு மட்டும் அசைவதுபோல இருக்கும். கார் ஸ்டாண்டில் பக்கத்தில் நிற்கும் மீசைக்காரரின் வண்டியிலோ நான்கு ஸ்பீக்கர் வைத்த ஸ்டீரியோ. கல்யாண வீட்டார் அவரைத்தான் தேடிப் போனார்கள்.

பெரியப்பா ஒருநாள் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டே தீர்ப்பைச் சொன்னார். மாசி முகூர்த்தங்கள் முடிவதற்குள் கல்யாண வாடகைகள் வர வேண்டும். வராவிட்டால் காரை விற்றுவிடுவது. சித்தப்பாவும் சித்தியும் மதராஸில் உறவினர் ஒருவரின் கடைக்குப் போய்விடுவது. அவர் சொன்ன சொல்லை மாற்றி எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. எனக்குத் தலை பின்னிவிடுகிறவள் சித்தி. என்னை மதித்துப் பேசுகிற ஒரே ஆண்பிள்ளை சித்தப்பா. அன்று முதல் மதராஸ் என்ற ஊரை நான் வெறுத்தேன்.

மாசிக் கடைசி முகூர்த்தத்தில்தான் வழி பிறந்தது. திருச்சுழிக்கு அருகில் சித்தி பிறந்த ஊரில் அவளுடைய பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். மணப்பெண்ணை அருப்புக்கோட்டை மண்டபத்துக்கு அழைத்துவர எங்கள் காரைக் கேட்டிருந்தார்கள். வண்டியில் பாட்டு இருக்க வேண்டும் என்றும் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

சித்தப்பாவின் கையிருப்பு, ரேடியோ ரிப்பேர் கடையில் கிடந்த பழைய கேசட் பிளேயருக்கும், ஓர் ஆம்ப்ளிஃபையருக்கும், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரியாகப் போய்விட்டது. ஸ்பீக்கர் வைக்கும் மரப்பெட்டிக்கு வழியில்லை. ஆகவே, அந்தக் காலத்து டீக்கடைக்காரர்கள் பானை வாயில் ஸ்பீக்கரை வைத்ததுபோல அவர் காரில் செய்தார். சந்தையிலிருந்து இரண்டு மண்பானைகள் வந்தன. பின்சீட்டின் முதுகுக்குப் பின்னாலிருந்த தகட்டில் இரண்டு வட்டம் வெட்டி, ஸ்பீக்கர்களை வானம் பார்க்கப் பொருத்தினார். கீழே டிக்கிக்குள், அவற்றின் அடியில் பானை வாய்களைச் சேர்த்து, இடைவெளியைச் சைக்கிள் டியூப் ரப்பரால் அடைத்து, தேங்காய் நார்க்கயிற்றால் தொங்கக் கட்டினார். கோபுரம் எழும்புவதைப் பார்க்கிறவளைப் போல நான் பக்கத்தில் நின்றேன்.

பாளையம்பட்டி வரை ஓட்டிப் பார்த்தோம். சத்தம் பெரிதாகத்தான் வந்தது.

“எப்படித் தாயி கேக்குது?”

“கிணத்துக்குள்ள விழுந்தவுக பாடுறாப்ல இருக்கு சித்தப்பா.”

மூன்று நாள் வயரை மாற்றினார், திருகாணியைத் திருகினார், பானைகளை இடம் மாற்றினார். பாடகர்கள் கிணற்றைவிட்டு ஏறவில்லை. மூன்றாம் நாள் சித்தி வந்து பானையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள்.

“வெறும் பானை கணகணங்கத்தான் செய்யும். உள்ள எதையாச்சும் வச்சு அமுக்குனா அடங்கிரும்ங்க.”

“இது என்ன ஊறுகாச் சாடியா அமுக்கி வைக்க? கரண்டு சமாச்சாரம். நீ போயிச் சட்டினிய அரை.”

அவள் போய்ச் சட்டினி அரைத்தாள்.

கல்யாணத்துக்கு நாங்கள் மூவரும் விடியலில் புறப்பட்டோம். சித்தியின் மடியில் உப்பிப் பெருத்த துணிப்பை ஒன்று இருந்தது. என்னவென்று கேட்டேன். “பஞ்சு. கல்யாண வீட்டு விளக்குக்குத் திரி போடணும்ல” என்றாள். அதன்மேல் தலை சாய்த்துத் திருச்சுழி வரும்வரை தூங்கினேன். அத்தனை மெத்தென்ற பயணம் எனக்கு அதன்பின் வாய்க்கவில்லை.

கல்யாண வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தபோது, சித்தி தன் பெரியம்மாவின் காதோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். சொந்தக்கதை என்று நினைத்துக்கொண்டேன். சற்று நேரத்தில் அந்தப் பெரியம்மா வாசலுக்கு வந்து, பெண்ணின் பெட்டியை எங்கள் கார் டிக்கியிலேயே ஏற்றச் சொன்னார். டிக்கி திறந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது.

“மாப்ள, இது என்ன கோலம்? நல்ல காரியத்துக்கு வந்த வண்டியில ரெண்டு வெறும் பானையவா தொங்க விட்டுருக்கீக?”

“அது ஸ்பீக்கருக்குக் கட்டுனது அத்தே.”

“பீக்கரோ கீக்கரோ. வெறும் பானைய வச்சுக்கிட்டு எம் மகளை ஏத்த மாட்டேன்.”

உறவினர்களை ஏற்ற வந்திருந்த மீசைக்காரர் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னே வந்தார். “பொண்ண நம்ம வண்டியில ஏத்துங்க ஆத்தா. அதுல சட்டி பானை எல்லாம் கெடையாது.” சிலர் சிரித்தார்கள். சித்தப்பாவின் கை டிக்கிக் கதவை மெல்ல மூடப் போயிற்று. மதராஸ் ரயில் என் கண்முன்னே வந்து நின்றுவிட்டது.

“வெறுசா இருந்தாத்தான குத்தம் பெரியம்மா? நெறச்சுட்டாப் போச்சு.” சித்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “என்னங்க, கயித்த அவுத்து விடுங்க.”

சித்தப்பா மறுபேச்சில்லாமல் அவிழ்த்தார். துணிப்பையின் வாய் திறந்தது. கொட்டை நீக்கிய வெள்ளைப் பஞ்சைச் சித்தி பிடிபிடியாக எடுத்து, விரலால் உதறி உதறி, இரு பானைகளையும் கழுத்துவரை நிரப்பினாள். வெளியே மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். “கரிசக்காட்டு வெள்ளாமை பெரியம்மா. நெறபானை.” பெரியம்மா ஒரு பானையைத் தட்டினார். அது கணகணக்கவில்லை. “இப்பச் சரி” என்றார். அவ்வளவு கோபம் அவ்வளவு விரைவில் இறங்கியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

சித்தப்பா பானைகளைப் பழையபடி ஸ்பீக்கர்களுக்கு அடியில் கட்டியதும் மணப்பெண் ஏறினாள். சித்தியும் நானும் அவளுக்கு இருபுறமும் உட்கார்ந்தோம். சித்தப்பா நாகஸ்வரக் கேசட்டைப் போட்டார்.

அந்தக் கணத்தைச் சொல்ல இன்றும் என்னிடம் சரியான வார்த்தை இல்லை. நாகஸ்வரம் என் பிடரியிலிருந்து புறப்பட்டது. தவிலின் ஒவ்வோர் அடியும் சீட்டின் வழியே முதுகில் விழுந்து, விலா எலும்புகளில் பரவி, உருண்டு ஓய்ந்தது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அமைதி இருந்தது. நான் முதன்முதலாகக் கேட்ட அமைதி அது. கிணறு எங்கோ காணாமல் போயிருந்தது. அழுதுகொண்டிருந்த மணப்பெண் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு, மேளக்காரர்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தாள். ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கறுத்துக் கிடந்த நிலம். பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். சாலையோரத்தில் ஆடு மேய்த்தவர் எங்களுக்கு வழிவிட்டுவிட்டு, பின்னால் வரும் மேளத்துக்காக வெறும் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உலகம் இவ்வளவு நிறையும் என்பது எனக்குத் தெரியாது. என் கண்ணில் நீர் வந்ததும் எனக்குத் தெரியவில்லை.

“எப்படித் தாயி கேக்குது?”

“கெணறு தூர்ந்துபோச்சு சித்தப்பா.”

சித்தப்பா கண்ணாடியைப் பார்த்தார். அதில் சித்தியின் முகம் தெரிந்தது. அவள் சன்னலுக்கு வெளியே பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மண்டப வாசலில் பெரியப்பா, மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள் என்று எண்ணி அவர்களை வரவேற்கத் துண்டைச் சரிசெய்துகொண்டு வந்தார். வந்தது எங்கள் கார் மட்டும். அதை ஒருமுறை சுற்றி வந்து, கூரையில் உள்ளங்கையை வைத்தார். தவில் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

“ஏலே, வண்டி இருக்கட்டும்” என்றார். அவர் சொல்லை மாற்றி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதன்பிறகு ஸ்டாண்டிலிருந்த வண்டிக்காரர்கள் ஒவ்வொருவராகப் பானையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மீசைக்காரரும் வந்தார். சித்தப்பா கம்பியெல்லாம் இணைத்தபின், பானையை மட்டும் அடுப்படிப் பக்கம் கொண்டுபோய், “நீ வச்சுக் குடு” என்று சித்தியிடம் நீட்டுவார். சகுனத்துக்காகச் செய்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில், எங்கள் சித்தப்பா பானைக்குள் நாகஸ்வரத்தை அடைத்துவைத்த கதையைக் கேட்காதவர்கள் இல்லை.

பஞ்சு, பெட்டிக்குள் சுற்றும் எதிரொலியை விழுங்கிவிடும் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு எல்லாமே கேட்டது. இடம், வலம், தவில், நடுவே இருந்த அமைதி எல்லாம். ஒரு வீட்டு விளக்குக்குத் திரி போட ஒரு கைப்பிடிப் பஞ்சு போதுமே, இரண்டு பானை கொள்ளும் பஞ்சைச் சித்தி எதற்காக மடியில் சுமந்துவந்தாள் என்று கேட்க மட்டும், அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கிய எனக்குத் தோன்றவில்லை.