நின்றபடி தின்ற போண்டா

செங்கத்தில் நான் மூட்டை எடைபோடும் தானிய மண்டிக்குப் போன மாதம் ஒரு நர்ஸ் வந்தார். எல்லோருடைய வயிற்றையும் டேப் வைத்து அளந்தார். சட்டையைத் தூக்கச் சொன்னதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன்.

"மூச்ச வுடுங்கண்ணா. டேப்பு ஏமாறாது."

அளவை எழுதிக்கொண்டு, காலையிலிருந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். ஒன்றும் சாப்பிடவில்லை என்றேன். மண்டி வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் அப்போது டம்ளர் எடுக்க வந்திருந்தார்.

"யம்மா, மூணு வடை, ரெண்டு டீ. நான்தான் குடுத்தேன்" என்று சிரித்தார்.

நான் பொய் சொல்லவில்லை. அதைச் சாப்பிட்டதாகவே நினைக்கவில்லை. நின்றபடி தின்றதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அது என் பெரியப்பாவின் பேச்சு என்று அப்புறம்தான் நினைவு வந்தது.

எங்கள் ஊர் மலைமேல், புதூர்நாட்டுப் பக்கம். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது பெரியப்பா ஏரை விட்டுவிட்டு ஜீப் ஓட்டப் போனார். திருப்பத்தூருக்குத் தினம் இரண்டு நடை. வழியில் ஜீப் நான்கு இடத்தில் நிற்கும். நான்கிலும் டீக்கடை உண்டு. ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும் டிரைவரிடம் கடைக்காரர்கள் காசு வாங்குவதில்லை. அவர் இறங்கி இடுப்பை நெளிப்பதற்குள் டீயும் சூடான போண்டாவும் கைக்கு வந்துவிடும். வேண்டாமென்றால் கடைக்காரர் மனம் நோகுமாம். பெரியப்பா யார் மனத்தையும் நோகவிட்டதில்லை.

வீட்டில் பெரியம்மா விடியலில் கிண்டி வைத்த களி அப்படியே கிடக்கும். பொழுது சாய்ந்து திரும்பும் பெரியப்பா, "காலைல இருந்து ஒரு வாய் சோறு துன்னல" என்பார். அதுவும் உண்மைதான். பெரியம்மா பதறிப்போய் மூன்று ஆள் சோற்றைக் குவித்து வைப்பார். தின்ற கை காய்வதற்குள் பெரியப்பா படுத்துவிடுவார்.

ஒருநாள் நானும் ஜீப்பில் கூடப் போய் வந்தேன். அன்றும் அவர் அப்படிச் சொன்னபோது கேட்டேன்.

"பெரிப்பா, அங்க நாலு போண்டா துன்னியே?"

"அட போடா. ஒக்காந்து, தட்டு வச்சு துன்னாதான் சாப்பாடு. நின்னுக்கினு துன்றது இன்னாத்துல சேரும்?"

எனக்கு அது சரியாகவே பட்டது.

இரண்டு வருடத்தில் அவருக்கு வயிறு முன்னால் வந்தது. கைகால்கள் பழையபடி மெலிந்தே இருந்தன. மலையில் அப்படி ஒரு வயிறு யாருக்கும் இல்லை. பெரியம்மாவுக்கு அதில் பெருமைதான்.

அந்த வருடம் சாமிப் பெட்டி தூக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மன் நகைகள் உள்ள மரப்பெட்டியை ஊரிலிருந்து மலையுச்சிக் கோயில் வரை ஒருவரே தலையில் சுமக்க வேண்டும். வழியில் தரையில் வைக்கக் கூடாது. முடியாமல் நின்றுவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் வாங்கிக்கொள்வார். முறையும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். மறுபடி எங்களுக்கு வரப் பதினோரு வருடம் ஆகும். போன முறை பெரியப்பாதான் சுமந்தார். உச்சி வரை ஓட்டமாகவே போனாராம்.

சுமப்பவர் முந்தின நாள் மாலையிலிருந்து விரதம். இடுப்பில் புது அரைஞாண் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். போன முறை அளவை நினைத்துப் பெரியம்மா வாங்கிவந்த கயிறு, சுற்றிப் பிடித்ததில் ஒரு சாண் பற்றவில்லை. கூடியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"இன்னாக்கா, மாமனுக்குத் தேர்வடம்தான் வாங்கணும்போல!"

"சம்பாதிக்கிற ஒடம்புடி, கண்ணு வெக்காத" என்று பெரியம்மா இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டினார்.

மேளம் முன்னால் போனது. நான் பெரியப்பாவின் பக்கத்திலேயே நடந்தேன். பாதி ஏற்றத்தில் அவர் மூச்சு புஸ் புஸ் என்று இரைந்தது. முகம் கறுத்து வேர்வை ஒழுகியது. அடுத்த வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார்.

"இன்னா டிரைவரே, வண்டி ஏறலியா? நான் புடிக்கட்டுமா?"

பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்தடி வைத்தார்.

எனக்கு அழுகை வந்தது. நேற்றிலிருந்து பட்டினி, பசியில்தான் இப்படி ஆகிறார் என்று நினைத்தேன். என் டவுசர் பையில், திருவிழாக் கடையில் வாங்கிய போண்டா ஒன்று இருந்தது. விரதத்தில் சாப்பிடக் கூடாதுதான். ஆனால் அவர் இப்போது நின்றுகொண்டுதானே இருக்கிறார்?

பாறைத் திருப்பத்தில் எல்லோரும் கொஞ்சம் மறைந்தபோது எக்கி அதை அவர் வாயருகே நீட்டினேன்.

"துன்னு பெரிப்பா. நின்னுக்கினுதான இருக்க."

அவர் என்னைப் பார்த்தார். சிரிக்க வந்தது போலவும் இருந்தது, அழ வந்தது போலவும் இருந்தது. வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். அதை மெல்லக்கூட அவருக்கு மூச்சு இல்லை. இருமல் வந்தது. தலையில் பெட்டி ஆடியது. பின்னால் வந்தவர் ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார். மேளம் நிற்காமல் மேலே போய்விட்டது. பெரியப்பா பாறையில் உட்கார்ந்து, வாயிலிருந்ததைக் கையில் துப்பி, வேட்டியில் மறைத்துக்கொண்டார்.

வீட்டில் கால் வழுக்கிவிட்டது என்று சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெரியம்மா மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அடுத்த முறை வந்தபோது பெரியப்பாவால் ஊருக்குள்ளேயே நடக்க முடியவில்லை. எங்கள் அப்பாதான் சுமந்தார்.

விரதத்தைக் கெடுத்ததால் அம்மனுக்குக் கோபம், எங்கள் வீட்டு முறை என்னால்தான் போனது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். கோயில் பக்கம் போனாலே அந்த ஒரு போண்டாவுக்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அதற்கு முன் இரண்டு வருடமாக, நான்கு கடைகளில், ஜீப்பின் பக்கத்தில் நின்று அவர் தின்றவை என் நினைவுக்கு வரவே இல்லை.

நர்ஸ் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கேள்வியை மறுபடி கேட்டார். மூன்று வடை, இரண்டு டீ என்று சொன்னேன்.