நான் மொழிபெயர்த்த சிலந்தி

ஓர் அதிகாரியைச் சிரிக்க வைப்பதற்காக ஒரு குடும்பத்தின் பிரஜாவுரிமையைக் கெடுத்தவன் நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் தொலைக்காட்சியில், எறும்புக் கூட்டுக்குள்ளேயே வாழும் ஒரு சிலந்தியைக் காட்டினார்கள். எறும்புகள் அதை ஒன்றும் செய்வதில்லை. தங்களில் ஒன்றென்றே நினைக்கின்றன... பார்க்க முடியவில்லை. அணைத்துவிட்டேன்.

ஐம்பதுகளின் தொடக்கம். இலங்கையின் பதுளையில், இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரின் பிரஜாவுரிமை விசாரணைகளுக்கு நான் மொழிபெயர்ப்பாளன். யாழ்ப்பாணத்துப் படிப்பு, இஸ்திரி போட்ட சட்டை, நிறையத் தலைக்கனம். விசாரிப்பவர் சிங்களவர், கேட்பதும் எழுதுவதும் ஆங்கிலத்தில்.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து மாரிமுத்து வந்திருந்தார். தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர். இங்கேயே வேரூன்றியவர் என்று அதிகாரி நம்பினால்தான் அவருக்கும் மனைவி மக்களுக்கும் உரிமை.

“இது உம்மட நாடு எண்டு எப்பிடிச் சொல்லுறீர்?” அதிகாரியின் கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

“எறும்புக் கூட்டுக்குள்ள ஒரு சிலந்தி இருக்கும், பார்த்திருக்கீங்களா ஐயா? அங்கயே பொறந்தது. அதுக்கும் அந்தக் கூட்டு வாசனைதான். நாங்களும் அப்படித்தாங்க. எங்கப்பா பொறந்ததே இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதான்.”

எனக்கு நன்றாகவே புரிந்தது. ஆனால் நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: “தான் எறும்புக் கூட்டில் புகுந்த சிலந்தியாம், சேர்.”

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். அப்படியே எழுதிக்கொண்டார்.

“ஏங்க சிரிக்கிறாரு?” என்றார் மாரிமுத்து.

“நல்லாச் சொன்னீராம்” என்றேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் — ‘தாம் அந்நியர் என்பதை விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டார்.’ அந்த வரியைத் தட்டச்சில் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

தவறு என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டேன். உடனே அனுப்பினேனா? இல்லை. வேலை போய்விடுமே என்று மேசை லாச்சியில் பூட்டி வைத்தேன். வாரங்கள் போயின. ஒருவழியாக அனுப்பியபோது பதில் வந்தது: மேன்முறையீட்டுக் காலம் முடிந்துவிட்டது. என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய லயத்துக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாரிமுத்து திட்டவில்லை. இதைத்தான் சொன்னார்:

“எனக்குச் சிங்களம் நல்லா வருங்க. அந்த ஐயாகிட்ட நேராவே பேசியிருப்பேன். நம்ம தமிழாளு ஒருத்தர் பக்கத்துல இருக்காரேன்னுதான்... தமிழ்ல சொன்னேன்.”