ஆம்பூர்க் கூட்டமும் வேலூர் பஸ்ஸும்

சேலத்திலிருந்து காலை ரயிலில் ஜோலார்பேட்டை. அங்கிருந்து வாணியம்பாடி வழியாக முப்பது கிலோமீட்டருக்கு மேல் பேருந்து. ஆம்பூரை நெருங்கும்போதே ஜன்னல் வழியாகத் தோல் பதனிடும் ஆலைகளின் வாடை வந்தது. பக்கத்து இருக்கை அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "புதுசா? ரெண்டு நாள் இருந்தா பழகிடும்."

நான் போனது எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று வழிகாட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களின் சங்கம். வழக்கமாகச் சென்னையிலோ கோவையிலோ கூடுவோம். இம்முறை ஆம்பூர் உறுப்பினர் ஷாஹினா விடாப்பிடியாகத் தன் ஊருக்கு அழைத்திருந்தார்.

முதல் நாளே வாக்குவாதம். நேரில் போய்ப் பார்க்காத கல்லூரியை யாருக்கும் பரிந்துரைக்கக் கூடாது என்று சங்க விதி வேண்டும் என்றார் ஷாஹினா. "சீசன்ல சாப்பிடவே நேரமில்ல. எத்தன காலேஜ் ஏறி இறங்கறது?" என்றார் சென்னை பிரபாகர். எனக்கும் அப்படித்தான் பட்டது. வாக்கெடுப்பை மறுநாள் மாலைக்குத் தள்ளிவைத்தோம்.

மதியம் பிரியாணி, அரை பிளேட் நூற்றிருபது ரூபாய். கூடவே வந்த புளிப்புக் கத்தரிக்காய்க் குழம்பை நான் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டிருந்தபோது ஒருவர் மகளோடு வந்து ஷாஹினா முன் நின்றார். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நசீர், மகள் ஆஃப்ரின். வேலூர்க் கல்லூரி ஒன்றில் அவளுக்குப் புள்ளியியல் கிடைத்திருந்தது. சேர மறுநாளே கடைசி நாள்.

"வேலூரு வேணாம் மேடம். போக வர தூரம் ஜாஸ்தி. பக்கத்துலயே எதனா சொல்லுங்க" என்றார் நசீர்.

"பக்கத்துல இந்தப் பாடம் இல்லப்பா" என்றாள் ஆஃப்ரின், தரையைப் பார்த்தபடி.

ஷாஹினா வாதாடவில்லை. "பாய், நாளைக்கு ஒருநா லீவு போடுங்க. அவ போக வேண்டிய பஸ்லயே போய்ப் பாப்போம். அப்புறமும் வேணாம்னா நானே வேற எடம் தேடித் தர்றேன்."

நானும் வருவதாகச் சொன்னேன்.

மறுநாள் காலை பேருந்தில் நிற்கத்தான் இடமிருந்தது. நசீர் கம்பியைப் பிடித்தபடி வந்தார். மாதனூரில் நான்கைந்து மாணவிகள் ஏறினார்கள். ஒருத்தி புர்கா மேல் பை மாட்டியிருந்தாள். நசீர் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டார்.

"இன்னாம்மா, டெய்லி இதுலதான் போறியா? பேஜாரா இல்ல?"

"மொத மாசம் இருந்துது சாச்சா. இப்ப நாங்க அஞ்சு பேரு. ஒருத்தி வரலன்னா கண்டக்டரே கேப்பாரு."

பள்ளிகொண்டா தாண்டி, ஐம்பது கிலோமீட்டர் முடிந்து வேலூரில் இறங்கினோம். கல்லூரி வாசலில் நசீர் நின்றுவிட்டார். "நீங்களே கூட்டினு போங்க மேடம். நான் இங்கயே நிக்கறேன். இந்த மாதிரி எடத்துக்குள்ள நான் போனதே இல்ல."

ஆஃப்ரின் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும்தாம்பா போனதில்ல. வாங்க."

இருவரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். துறைத்தலைவரான அம்மையாரிடம் நசீர் கேட்டது ஒரே கேள்வி: "க்ளாசு எப்ப உடுவீங்க?" காலை ஷிஃப்ட், மதியத்தோடு முடிந்துவிடும் என்றார் அவர். "அப்ப வெளிச்சத்துலயே ஊட்டுக்கு வந்துடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நசீர் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஆஃப்ரின் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள். ஷாஹினா அவளுக்குத் தண்ணீர் வாங்கி வந்தார்.

திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் நசீர் மகளுக்குப் பாடம் நடத்தினார். "கடைசி சீட்டுல ஒக்காராத. குலுக்கல் ஜாஸ்தி. டிரைவரு பின்னாடி ஒக்காரு, இன்னா?"

மாலையில் கூட்டத்தில் எழுந்து, வழியில் பார்த்ததை அப்படியே சொன்னேன். "எல்லாக் காலேஜும் ஒரே வருஷத்துல முடியாது. பார்த்ததை மட்டும் சொல்லுவோம், பட்டியலை மெதுவாக் கூட்டிக்குவோம்" என்று பிரபாகரும் கை தூக்கினார். விதி நிறைவேறியது.

சேலத்தில் என் அலுவலகம் குளிர்சாதன அறை. சுவர் முழுக்கக் கல்லூரிகளின் வண்ணப் படங்கள். பெற்றோர் அங்கே வந்து உட்கார்ந்து, நான் சொல்வதைக் கேட்டுப் போவார்கள். எவருடைய ஊர்ப் பேருந்திலும் நான் ஏறியதில்லை. ஜோலார்பேட்டை நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, மறுநாள் என்னைப் பார்க்க வரவிருந்த ஓமலூர்க் குடும்பத்துக்குப் போன் செய்தேன்.

"ஆபீஸுக்கு வர வேணாம்மா. பொண்ணக் கூட்டிட்டு உங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. காலேஜைச் சேர்ந்தே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."