மூன்று இருபதுக்கு நான் சொன்னது

நித்திரை கொள்ளும் பிள்ளைக்காக ஒரு தாய் "வாயை மூடுங்கோ" என்று சொன்னால், அந்தச் சொல் எவ்வளவு தூரம் போகும்? வேலியைத் தாண்டுமா, தண்டவாளத்தைத் தாண்டுமா, பதினைந்து மைலுக்கும் அப்பால் போகுமா? இரண்டு வருடமாக இதைத்தான் யோசிக்கிறேன். விடை வரவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. கல்யாணத்துக்கு முன் மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தனான். இதைப் படிக்கிற நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. வேறொருத்தி எழுதியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எங்கள் வீடு திருகோணமலை ஸ்டேஷனுக்கு வெளியே ரெயில்வே குவார்ட்டர்ஸில், தண்டவாளத்தை ஒட்டி. இவர், என் கணவர், சாமான் கோச்சியில், அதாவது சரக்கு ரெயிலில், கார்ட். அந்தக் கோச்சியை ஓட்டுகிறவர் வின்சன்ட் அண்ணை, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர், எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். அவருடைய மனைவி மேபல் அக்கா. பிள்ளைகள் இல்லை. குவார்ட்டர்ஸில் உள்ள பெண்கள் எல்லாரும் வின்சன்ட் அண்ணைக்குத் தங்கச்சிதான். கல்லோயாவிலிருந்து திரும்பி வரும்போது சிக்னல் கைகாட்டி விழாவிட்டால் கோச்சி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் நிற்கும். இவர் கடைசிப் பெட்டியிலிருந்து நடந்து வருவார், அண்ணை எஞ்சினிலிருந்து இறங்குவார், இரண்டு பேரும் எங்கள் குசினிச் சுவர் நிழலில் குந்திக்கொண்டு கதைப்பார்கள், நான் யன்னலால் தேத்தண்ணீர் நீட்டுவேன். இது கிழமையில் இரண்டு மூன்று தரம் நடக்கிறதுதான்.

கதை என்றால் எப்போதும் ஒரே கதை. ஸ்டேக் என்கிற மாட்டிறைச்சித் துண்டை எப்படிச் சமைக்கிறது என்று. இவர் பதினெட்டு வயதில் கடற்படைத் தளத்து வெள்ளைக்காரரின் குசினியில் வேலை செய்தவர். சைவக் குடும்பம், ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை, ஆனால் நூற்றுக்கணக்கான ஸ்டேக் பொரித்துக் கொடுத்திருக்கிறார். வின்சன்ட் அண்ணையோ பிறந்த நாளிலிருந்து சாப்பிடுகிறவர், பொரிக்கிற தாச்சியைத் தொட்டதே இல்லை.

"பக்கத்துக்கு மூண்டு நிமிசம், நடுவில ரத்தம் நிக்க வேணும், அதுதான் ஸ்டேக்" என்பார் இவர்.

"அது நாய்க்குப் போடுறது, ஐசே. வினாகிரியும் மிளகும் போட்டு ஊற வைச்சு, வெங்காயம் கரையுமட்டும் அவிக்க வேணும். தின்னாத வாய்க்கு என்ன தெரியும்?" என்பார் அண்ணை; இவரை 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

"சமைக்காத கைக்கு என்ன தெரியும்?"

பாண் ரொட்டிக்கே விடிய நாலு மணிக்கு வரிசையில் நிற்கிற காலம் அது. வீட்டில் மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருக்கும், இவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஸ்டேக் சமைப்பார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருக்கும், களைப்பாகவும் இருக்கும்.

அன்றைக்குப் பிள்ளைக்கு ஒன்பது மாதம். மூன்று நாளாக நெஞ்சு இழுப்பு. ஓர்ஸ் ஹில் பக்கத்து டிஸ்பென்சரியில் ஒரு மருந்து தந்து, பிள்ளை எவ்வளவு நேரம் நித்திரை கொள்கிறான், எத்தனை மணிக்கு இழுக்கிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். நான் எதையும் மிச்சம் விடாதவள், ஒரு கொப்பியில் நேரம் போட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். மூன்று இரவும் பிள்ளை என் தோளில்தான். படுக்க வைத்தால் மூச்சு முட்டும். தூக்கினால் அழுவான். எனக்குக் கண் எரிந்து, கை மரத்து, நான் நல்ல தாயா என்ற யோசனை வேறு. மத்தியானம் மூன்று மணிபோல ஒருவாறு கண்ணயர்ந்தான். மெல்லப் பாயில் கிடத்தினேன். வெயிலுக்கு யன்னல் சாத்தியிருந்தது.

அப்போதுதான் சுவருக்கு வெளியே கதை தொடங்கியது.

நம்பினால் நம்புங்கள், இரண்டு குரலும் அவ்வளவு தெளிவு. வின்சன்ட் அண்ணை சொல்கிறார், "எருமை எண்டா வினாகிரியில ஒரு இரவு முழுக்க ஊற வேணும் ஐசே, தோல் மாதிரி இருக்கும்." இவர் சொல்கிறார், "எருமையில ஸ்டேக் போட ஏலாது, வெள்ளைக்காரன் தாச்சியோட தூக்கி எறிவான்." அண்ணை சிரித்தார், சிரிப்பின் நடுவில் இருமினார். இன்றைக்கு என்ன புதிதாக எருமை என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கத் தெம்பில்லை. பிள்ளை அசைந்தான். முகம் சுருங்கியது. இப்போது எழும்பினால் நான் செத்துப் போவேன் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

யன்னலைத் திறக்காமலே சொன்னேன். "வின்சன்ட் அண்ணை, புண்ணியமாப் போகும், வாயை மூடுங்கோ. பிள்ளை இப்பதான் நித்திரை."

"ஓம் தங்கச்சி" என்றார். கோபமில்லாமல், மெல்ல.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை திரும்ப நித்திரையானான். கொப்பியில் எழுதினேன். சரியில்லாமல் பேசிவிட்டேனே என்று மனம் கேட்கவில்லை, கேத்திலை வைத்து, இரண்டு கோப்பையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு பின்கதவைத் திறந்தேன். ஆட்கள் இல்லை. கோச்சியும் இல்லை. தண்டவாளம் வெயிலில் கிடந்தது. எஞ்சின் வந்த சத்தமும் கேட்கவில்லை, போன சத்தமும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அசதியில் கவனிக்கவில்லையாக்கும் என்று தேத்தண்ணீரை நானே குடித்தேன்.

இவர் வந்தது இரவு ஏழு மணிக்கு, யாரோ ஒருவருடைய லொறியில். சட்டையெல்லாம் கிறீஸும் ரத்தமும். ரத்தம் இவருடையது இல்லை.

தம்பலகாமத்துக்கு அந்தப் பக்கம், வளைவில் எருமைக் கூட்டம் தண்டவாளத்தில் ஏறிவிட்டது. எஞ்சின் தடம் புரண்டு வாய்க்காலுக்குள் சாய்ந்தது. எஞ்சினில் இருந்த உதவியாள் வெளியே பாய்ந்து தப்பி, ஆள் கூட்டிவர ஸ்டேஷனுக்கு ஓடினான். வின்சன்ட் அண்ணையின் கால் இரும்புக்குள் அகப்பட்டுவிட்டது.

"நித்திரை கொள்ள விடக்கூடாது எண்டு நினைச்சனான்" என்றார் இவர், கதிரையில் இருக்காமல் நிலத்தில் இருந்துகொண்டு. "கதைச்சுக்கொண்டே இரும் எண்டு சொன்னனான். அந்த நிலையிலயும் மனுசன் செத்த எருமையைக் காட்டி, 'இதில ஒரு ஸ்டேக் போடு பாப்பம்' எண்டார். நானும் விடாமல் வாய் குடுத்தனான். நல்லாத்தான் கதைச்சுக்கொண்டிருந்தவர். திடீரெண்டு கதையை நிப்பாட்டி, வேறெங்கயோ பாத்து, 'ஓம் தங்கச்சி' எண்டார். பிறகு கதைக்கேல்ல. நான் எவ்வளவு உலுப்பியும் கதைக்கேல்ல."

என் கையில் பிள்ளை இருந்தான். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

கார்ட்மார் எது நடந்தாலும் முதலில் மணிக்கூட்டைப் பார்க்கிறவர்கள். "மூண்டு இருபது" என்றார். "மூண்டு நாப்பதுக்கு ட்ரொலியில ஆக்கள் வந்திட்டினம். இன்னும் இருபது நிமிசம் கதைச்சுக்கொண்டிருந்தா..." அதோடு அழத் தொடங்கிவிட்டார்.

நான் மூன்று நாள் நித்திரை இல்லாதவள், கனவு கண்டிருப்பேன், எருமையை இவர் சொன்ன பிறகு நானே சேர்த்துக்கொண்டிருப்பேன். இப்படி எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்தேன். ஆனால் கொப்பி இருக்கிறது. என்னுடைய கையெழுத்து. "3.20. வெளியே இவரும் வின்சன்ட் அண்ணையும் எருமைக் கதை. பிள்ளை அசைந்தான். ஏசினேன். அடங்கினார்கள். நித்திரை." இவர் வந்து வாய் திறக்கக் கிட்டத்தட்ட நாலு மணித்தியாலத்துக்கு முன் எழுதியது. அன்றைக்குப் பிள்ளை ஆறு மணிவரை இழுப்பே இல்லாமல் நித்திரை கொண்டான். அதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, இவரிடம் காட்டவும் துணிவு வரவில்லை. இவர் என் குரலைக் கேட்கவில்லை. அண்ணை மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

இரத்தம் அவ்வளவு போன பிறகு கதைத்தாலும் கதைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். ஓம், அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் இவர் கதைத்துக்கொண்டே இரும் என்று கெஞ்சிய மனிசனை, நான் வாயை மூடச் சொன்னேன்.

இவர் போய்ச் சொன்ன அந்த 'ஓம் தங்கச்சி'யை மேபல் அக்கா வேறுவிதமாக விளங்கிக்கொண்டா. வின்சன்ட் அண்ணைக்கு டொறின் என்று ஒரு தங்கச்சி இருந்தவவாம், எட்டு வயதில் காய்ச்சலில் போனவ. அவதான் அந்த நேரம் வந்து கூப்பிட்டவ, அவவுக்குத்தான் அண்ணை 'ஓம்' சொன்னவர் என்று அக்கா நம்புகிறா. "தனியப் போகேல்ல பிள்ளை, கைபிடிச்சுத்தான் போனவர்" என்று சொல்லும்போது முகம் தெளிந்துவிடும். அந்த நம்பிக்கையில்தான் அவ சாப்பிடுகிறா, கோயிலுக்குப் போகிறா. நான் தலையாட்டிக்கொண்டு இருப்பேன். உண்மையில் டொறின்தான் வந்தாவோ, என் குரலில் வந்தாவோ, எனக்கு எப்படித் தெரியும்?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தா. கல்லறைக்குக் கல் செய்யக் கொடுத்திருக்கிறாவாம். கல்லில் தமிழில் ஒரு வரி வெட்ட வேண்டுமாம்.

"தங்கச்சி வந்து கூட்டிக்கொண்டு போனவ எண்டு வர வேணும். நீ படிச்சனீ, பிழையில்லாமல் வடிவா எழுதித் தா பிள்ளை. உன்னை விட்டா நான் ஆரிட்டக் கேக்கிறது?"

ஓம் அக்கா என்று சொல்லிவிட்டேன். கல் வெட்டுகிறவர் அடுத்த மாதக் கடைசிக்குள் கேட்டிருக்கிறாராம். கடுதாசியை எடுத்து வைத்து ஐந்து நாள், 'தங்கை' என்று எழுதுகிறேன், அதற்கு மேல் கை போகுதில்லை. எழுதிக் கொடுத்தால் என் சொல்லை நானே கல்லில் வெட்டி, வேறொருத்தியின் பெயரில் மறைத்ததாகும். உண்மையைச் சொன்னால் அந்த மனிசிக்கு இருக்கிற ஒரே ஆறுதலைப் பறித்ததாகும், அதுவும் எனக்கே நிச்சயமில்லாத ஒரு உண்மைக்காக.

இதைப் படிக்கிற தாய்மாரே, பெரியவர்களே, நீங்கள் என்னுடைய இடத்தில் இருந்தால் அந்த வரியை எழுதிக் கொடுப்பீர்களா? என்னை நம்புகிறீர்களா என்று நான் கேட்கவில்லை. இதை மட்டும் சொல்லுங்கள்.